அப்பாவின் எடை

மார்ச் 4, 2025

அப்பாவுக்குச் சட்டை மாட்டிவிடும்போது தோள்பட்டை எலும்பு கையில் இடித்தது. ஆறு மாதம் முன்னால் 65 கிலோ, இன்று 60. கணையப் புற்றுநோய் என்றால் மெலியத்தான் செய்வார்கள் என்கிறார்கள் வந்து பார்ப்பவர்கள். டாக்டர் அப்படி விட்டுவிடவில்லை. ஆறு மாதத்தில் எடை 5 சதவீதத்துக்கு மேல் தானாகக் குறைந்தாலே அது கேக்கெக்சியா, அதாவது நோயால் உடல் கரைந்துபோகும் நிலை, தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று என்றார்.

மார்ச் 9

சாப்பாட்டு நேரம் வந்தாலே வீட்டில் சண்டை. "இன்னும் ரெண்டு வாய்தான்" என்று அம்மா கெஞ்ச, அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவர் வேண்டுமென்று மறுக்கவில்லை, அம்மா. கட்டியோடு போராடும் உடலில் அழற்சி ஏறி, ஐஎல்-6 போன்ற அழற்சிப் பொருள்கள் தசையைக் கரைக்கின்றன. ஜிடிஎஃப்-15 என்ற புரதம் மூளையில் பசியையே அடக்குகிறது. சாதாரணப் பட்டினியில் உடல் கொழுப்பை எரித்துத் தசையை முடிந்தவரை காப்பாற்றும். இதில் தசையும் சேர்ந்தே போகிறது. சாப்பாட்டால் மட்டும் அதை முழுசாக மீட்க முடியாது. இதை அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம், "அப்போ நான் சமைக்கிறது பிடிக்காம இல்லையா?" என்று கேட்டாள்.

மார்ச் 15

உணவியல் நிபுணரைப் பார்த்தோம். ஒரு நாளைக்குப் புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராமுக்குக் குறையாமல், முடிந்தால் 1.5 வரை. அப்பாவுக்கு 60 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான், அதனால் புரதப் பவுடரும் தேவைப்படுகிறது. மூன்று வேளைப் பெரிய சாப்பாட்டை விட்டுவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை.

மலம் எண்ணெய்ப்பசையோடு மிதக்கிறதா என்று அவர் கேட்டது நல்லதாய்ப் போயிற்று. ஆமாம். கணையம் நொதி சுரக்காததால் கொழுப்பு செரிக்கவில்லை. இப்போது சாப்பிடும்போதே நொதி மாத்திரை. கணையப் புற்றுநோய்க்காரர்கள் வீட்டில் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

மார்ச் 27

எடை 60லேயே நிற்கிறது. எனக்கு அதுவே பெரிது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியைத் தினமும் செய்கிறார். தசைக்கு வேலை கொடுக்காமல் புரதம் மட்டும் போதாதாம்.

பசி மாத்திரை பற்றிக் கேட்டேன். மெஜெஸ்ட்ரால் பசியைக் கூட்டும், ஆனால் ஏறுவது பெரும்பாலும் கொழுப்பும் நீரும்தான், ரத்தக்கட்டு அபாயமும் உண்டு. அதனால் பசியைத் தூண்டும் இன்னொரு மாத்திரையான ஒலான்சபின் குறைந்த அளவில் இரவில் தொடங்கியிருக்கிறார் டாக்டர். தூக்கக் கலக்கம் வரலாமாம். காலையில் அப்பா தனியாக எழாதபடி நான் பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறேன்.