புது டிஸ்க் வந்தது, கடவுச்சொற்கள் போயின

கடையில் பழைய டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க் போட்ட பிறகு லேப்டாப் நன்றாகத்தான் ஓடுகிறது; அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பயர்பாக்ஸ் பிரவுசரின் கணக்கில் நுழைந்ததும் புக்மார்க்குகள் வந்தன. போன மாதம் எந்தெந்தப் பக்கம் பார்த்தேன் என்பதுகூட வந்தது. கடவுச்சொற்கள் மட்டும் வரவில்லை. பல வருடங்களாகச் சேர்ந்த பட்டியல் இருந்த இடம் காலி.

கைப்பேசியில் இருக்குமே என்று பார்த்தால், கைப்பேசியிலேயே சேமித்த சில மட்டும் இருந்தன: ரயில் டிக்கெட், மின்கட்டணம், கேஸ் பதிவு. சாதனங்களுக்கு இடையே இவற்றைப் பகிரும் ஒத்திசைவு (சிங்க்) அமைப்புக்குள் போனால் புக்மார்க், வரலாறு, தாவல்கள், கடவுச்சொற்கள் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டிக் இருக்கிறது. கடவுச்சொல்லுக்கு நேரே டிக் இல்லை. எப்போது போனது, எதனால் போனது என்று இன்றுவரை தெரியவில்லை. மற்றவை ஒழுங்காக வந்துகொண்டிருந்ததால் சந்தேகப்படவும் வழியில்லை. இதைப் படிக்கிறவர்கள் முதலில் அந்த டிக் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

"எல்லாவற்றிலும் லாக்-அவுட் செய்துவிட்டு மறுபடி உள்ளே போங்கள், சரியாகிவிடும்" என்றார் அலுவலகத்தில் ஒருவர். தயவுசெய்து செய்யாதீர்கள். சேர்த்தது எப்படி எல்லாச் சாதனங்களுக்கும் போகிறதோ, இடையில் எதையாவது தவறி அழித்தால் அதுவும் அப்படியே போகும். கணக்கின் கடவுச்சொல்லையே "மறந்துவிட்டேன்" என்று மாற்றுவது இன்னும் மோசம். சேமித்தவை அனைத்தும் அந்தக் கடவுச்சொல்லிலிருந்து உருவாகும் சாவியால் பூட்டப்பட்டுத்தான் சர்வருக்குப் போகின்றன. மீட்புச் சாவி என்ற குறியீட்டை முன்பே எடுத்து வைக்காமல் மாற்றினால், சர்வரில் இருக்கும் பிரதி அழிந்துவிடும். நான் கைப்பேசியை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு, அதில் இருந்த சிலவற்றை டைரியில் எழுதிக்கொண்டேன்.

ஒவ்வொரு தளத்திலும் ஓடிபி வாங்கிப் புதிதாக அமைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். வருமான வரித் தளம் ஆதார் ஓடிபியில் உடனே திறந்துவிட்டது. சிக்கல் என் பழைய மின்னஞ்சல் கணக்கு. அதன் மீட்பு எண், எப்போதோ கைவிட்ட சிம்முடையது. நம் நாட்டில் கைவிட்ட எண்ணைக் குறைந்தது 90 நாட்கள் கழித்து வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடலாம். கூப்பிட்டுப் பார்த்தேன், ஒரு பெரியவர் எடுத்து, "யாரம்மா, ராங் நம்பர்" என்று வைத்துவிட்டார். என் பழைய மியூச்சுவல் ஃபண்டுகளும் முந்தைய கம்பெனியின் கடிதங்களும் அந்த மின்னஞ்சலில்தான் இருக்கின்றன. ஆக, பழைய பட்டியல் கிடைத்தே ஆக வேண்டும்.

டிஸ்க் மாற்றிய கடைக்குப் போனேன். "டேட்டா முழுவதும் ஏற்றிக் கொடுத்துவிட்டோம், மேடம்" என்றான் கல்லாவில் இருந்த தம்பி, தலையை நிமிர்த்தாமல். ஏற்றியது டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ், படங்கள். பிரவுசர்கள் தங்கள் சொத்தை வைத்திருக்கும் ஆப்டேட்டா என்ற ஃபோல்டர் மறைத்து வைக்கப்பட்டிருக்கும். கண்ணில் படாததை அவர்கள் தொடுவதில்லை. "பழைய டிஸ்க்கைக் கொடுங்கள்" என்றேன். "அது ஸ்கிராப்புக்குப் போயிருக்கும்." முதலாளி வரட்டும் என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் வந்து கீழ் டிராயரை இழுத்தார். ஒரு குவியல் டிஸ்க்குகள், எதன் மேலும் பெயர் இல்லை. மாட்டி மாட்டிப் பார்த்ததில் என்னுடையது அகப்பட்டது. டிஸ்க் மாற்றினால் பழையதை அங்கேயே, அப்போதே கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அது உங்கள் பணத்தில் வாங்கிய பொருள்.

வேண்டிய ஃபைலை எடுத்துத் தருவதாகத் தம்பி சொன்னான். லாகின்ஸ்.ஜேசன் என்ற ஒன்றை மட்டும் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து உரிய இடத்தில் வைத்தால் ஒன்றும் வரவில்லை. காரணம் எளிது: அதில் இருப்பவை பூட்டிய சொற்கள். திறக்கும் சாவி கீ4.டிபி என்ற வேறொரு ஃபைலில் இருக்கிறது. இரண்டும் ஒரே இடத்திலிருந்து ஜோடியாக வர வேண்டும். இன்னொரு அலைச்சல்.

இந்த முறை டிஸ்க்கையே வாங்கிவந்து யுஎஸ்பி உறையில் மாட்டினேன். மறைந்த ஃபோல்டர்களைக் காட்டச் சொல்லிவிட்டு ஆப்டேட்டா, ரோமிங், மோசில்லா, பயர்பாக்ஸ், ப்ரொஃபைல்ஸ் என்று இறங்கினேன். அனுமதி இல்லை என்று விண்டோஸ் முறைத்தது. 'தொடர்க' என்று அழுத்திவிட்டுக் காத்திருந்தால் விடுகிறது. உள்ளே பொருளற்ற எட்டு எழுத்துகளும் 'டிஃபால்ட்-ரிலீஸ்' என்ற வாலுமாக ஒரு ஃபோல்டர். ஜோடி அதற்குள் இருந்தது.

இப்போது புழங்கும் ப்ரொஃபைலில் (பயர்பாக்ஸ் நம் விவரங்களை வைத்திருக்கும் ஃபோல்டர்) அதை நேரே போட்டுவிடாதீர்கள். இடையில் புதிதாகச் சேமித்தவை போய்விடும். 'அபௌட்:ப்ரொஃபைல்ஸ்' பக்கத்தில் தனியாக ஒரு ப்ரொஃபைல் உண்டாக்கி, பயர்பாக்ஸை மூடிவிட்டு, ஜோடியை அங்கே வைத்துத் திறந்தேன். பட்டியல் முழுக்க வந்து நின்றது. அந்தப் பழைய மின்னஞ்சலும் அதில் இருந்தது, கடவுச்சொல்லும் வேலை செய்தது! உடனே அதன் மீட்பு எண்ணை மாற்றினேன். பிறகு பட்டியலைச் சிஎஸ்வி என்ற சாதாரண எழுத்து ஃபைலாக ஏற்றுமதி செய்து, வழக்கமான ப்ரொஃபைலில் இறக்குமதி. சிஎஸ்வியில் எல்லாம் பச்சையாகப் படிக்கக் கிடக்கும். வேலை முடிந்ததும் குப்பைத் தொட்டியிலிருந்தும் அழித்துவிட வேண்டும்.

விண்டோஸில் குரோம் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி பலிக்காது. அதன் பூட்டு அந்தக் கணினியின் பயனர் கணக்கோடு பிணைந்தது. ஃபைலை மட்டும் வேறு கணினிக்குக் கொண்டுபோனால் திறக்காது.

பட்டியல் கிடைத்த சந்தோஷம் அன்றிரவு வரைதான் நீடித்தது. நான் இவ்வளவு சுலபமாக எடுத்தேன் என்றால், டிராயரில் டிஸ்க் கிடந்த நாட்களில் கடையில் யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். முதன்மைக் கடவுச்சொல் என்று ஒன்றைப் பயர்பாக்ஸில் வைத்திருந்தால் மட்டுமே அந்த ஜோடியைக் கொண்டு அடுத்தவர் திறக்க முடியாது. என்னுடையதில் அது இல்லை, இப்போது வைத்துவிட்டேன். வங்கி, மின்னஞ்சல், பங்கு வர்த்தகக் கணக்கு அனைத்துக்கும் கடவுச்சொல் மாற்றினேன். மீட்டெடுத்ததில் பாதியை மீட்டெடுத்த கையோடு மாற்றியதுதான் வேடிக்கை.

கடை பில்லில் 'டேட்டா பேக்கப்' என்று தனியாக ஒரு தொகை போட்டிருந்தார்கள். அதைத் திருப்பிக் கேட்டேன். அடுத்த சர்வீஸில் கழித்துக்கொள்வதாக முதலாளி சொல்லியிருக்கிறார். பில்லின் மேலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டேன்.