சேத்தக் எஞ்சின் சைலன்ட் பிளாக்: கழற்றுவதும் மாட்டுவதும்

பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டில் எஞ்சினுக்கும் ஃபிரேமுக்கும் நடுவே ரப்பர் கிடையாது. இரும்போடு இரும்பாகப் பிளேட் வைத்து முறுக்கியிருக்கும். 1972-ல் வந்த பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டரில் அமைப்பே வேறு. எஞ்சின், கியர்பாக்ஸ், பின் சக்கரம் மூன்றும் ஒரே கட்டையாக, பாடிக்கு அடியில் ஒரு நீளமான பவுண்டேஷன் போல்ட்டில் தொங்கி மேலும் கீழும் ஆடுகின்றன. அந்தப் போல்ட்டைச் சுற்றி எஞ்சின் கேஸிங்கில் வலதும் இடதுமாக இறுக்கி ஏற்றியிருக்கும், நடுவில் இரும்புக் குழல் வைத்த ரப்பர்தான் சைலன்ட் பிளாக், அதாவது பவுண்டேஷன் ரப்பர். பின் ஷாக்கின் கீழ்முனையில் ஒரு சின்ன புஷ், மேல்முனையில் ஒரு ரப்பர் கட்டை. பவுண்டேஷன் ரப்பர் போயிருந்தால் இந்த இரண்டும் நல்ல நிலையில் இருக்க வாய்ப்பு குறைவு. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிடுங்கள்.

ரப்பர் போனதற்கு அடையாளம்: கியர் போடும்போதும் ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று விடும்போதும் அடியிலிருந்து 'டொக்' என்று ஒரு தட்டல், வளைவில் வண்டியின் பின்பக்கம் தனியாக நெளிவது, டயர் ஒரு பக்கமாகத் தேய்வது. இதே நெளிவு சக்கர பேரிங் போனாலும், ஹப் நட் தளர்ந்தாலும் வரும். அதனால் பிரித்துப் பார்க்க வேண்டும். வண்டியை ஸ்டாண்டில் போட்டு, ஒருவர் முன்பக்கத்தை அழுத்திப் பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்க, மற்றவர் டயரை முன்னும் பின்னுமாகப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டட்டும். சக்கரம் மட்டும் ஆடி கேஸிங் அசையாமல் நின்றால் கோளாறு பேரிங்கில் அல்லது ஹப்பில். கேஸிங்கும் சேர்ந்து ஆடினால் சைலன்ட் பிளாக்தான்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்த வேலையின் பெரிய எதிரி துரு. குளச்சல், முட்டம் பக்கம் கடற்கரையில் நிற்கும் வண்டிகளில் உப்புக் காற்று. உள்நாட்டில் இரண்டு பருவமழை. பவுண்டேஷன் போல்ட் சைலன்ட் பிளாக்கின் உள் குழலோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். ஆகவே முந்தைய நாள் இரவே இரு முனைகளிலும் துரு இளக்கும் ஆயிலை ஊற்றி ஊற விடுங்கள்.

எஞ்சினை இறக்க: பெட்ரோல் டேப்பை அடைத்து பைப்பைக் கழற்றுங்கள். கார்புரேட்டர், சைலன்சர், கிளட்ச் கேபிள், இரண்டு கியர் கேபிள்கள், பின் பிரேக் கேபிள், எஞ்சினிலிருந்து வரும் வயர்கள். வயர் நிறங்களையும், எந்த கியர் கேபிள் எந்தப் பக்கம் என்பதையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின் சக்கரத்தைக் கழற்றாதீர்கள். ஷாக்கின் கீழ் போல்ட்டையும் பவுண்டேஷன் போல்ட்டையும் உருவியபின் இரண்டு பேர் பாடியைத் தூக்கிப் பிடித்தால், எஞ்சினைச் சக்கரத்தின் மேலேயே உருட்டி வெளியே எடுத்துவிடலாம். ஷாக்கின் மேல் நட்டுக்கு பெட்ரோல் டேங்க்கை எடுத்தால்தான் கை போகும்.

போல்ட் வர மறுத்தால் வெறும் மரையில் சுத்தியலால் அடிக்கக் கூடாது, மரை மலர்ந்துவிடும். நட்டை போல்ட் முனையோடு சமமாக வரும்வரை ஏற்றி, பித்தளைக் கட்டை வைத்துத் தட்டுங்கள். போல்ட்டைத் திருப்பும்போது உள் குழலும் கூடவே சுற்றினால் ரப்பர் கிழிந்துவிட்டது என்று பொருள். அதன்பின் எவ்வளவு முறுக்கினாலும் பயனில்லை. கேஸிங்குக்கும் பாடிக்கும் இடையே தெரியும் இடைவெளியில் ஹேக்ஸா பிளேடை விட்டு இருபக்கமும் அறுப்பதே நேர்வழி.

பழைய பிளாக்கை எடுப்பதற்கு முன், உள் குழல் கேஸிங்கிலிருந்து ஒவ்வொரு பக்கமும் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று வெர்னியரால் அளந்து எழுதி வையுங்கள். இந்த அளவைத் தவறவிட்டால் சக்கரம் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். ரப்பரை எரித்து எடுப்பது பல இடங்களில் வழக்கம். எனக்கு அது பிடிக்காது. நச்சுப் புகை, பக்கத்திலேயே ஆயில் சீல், கேஸிங்கில் பெட்ரோல் மிச்சம். 6 மி.மீ. பிட்டால் ரப்பரில் சுற்றிலும் துளை போட்டால் உள் குழல் தானாகத் தளரும். வெளியே இரும்புக் குழல் மிஞ்சினால், ஹேக்ஸா பிளேடை உள்ளே விட்டு நீளவாக்கில் ஒரு கீறல் அறுத்து உள்பக்கமாக மடக்கித் தட்டுங்கள். இரும்பு முடிந்து அலுமினியம் தொடங்கும் இடத்தில் பிளேடின் சத்தமே மாறும். அங்கே நிறுத்திவிட வேண்டும்.

புதியதை அடித்து ஏற்றாமல் இழுத்து ஏற்றுங்கள். 10 மி.மீ. மரைக்கம்பி ஒரு அடி நீளம், இரண்டு நட், கனமான வாஷர்கள், வெளிக் குழலின் விளிம்பில் மட்டும் உட்காரும் அளவுக்கு லேத்தில் கடைந்த ஒரு வளையம் போதும். கேஸிங்கை ஹீட் கன்னால் கை வைக்க முடியாத சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும் என்பதால் பிடி இளகும். வழுக்கலுக்கு சோப்புத் தண்ணீர் மட்டும். ஆயிலோ கிரீஸோ வேண்டாம். குலசேகரம், கீரிப்பாறைத் தோட்டங்களில் பால் வெட்டி எடுக்கும் இயற்கை ரப்பர் திரும்பத் திரும்ப முறுக்குவதை அருமையாகத் தாங்கும். ஆனால் பெட்ரோலும் ஆயிலும் பட்டால் ஊறி உப்பிவிடும். கார்புரேட்டர் ஒழுகும் வண்டியில் புது ரப்பர் சீக்கிரம் போவதற்கு இதுவே காரணம். முதலில் ஒழுகலை நிறுத்துங்கள். கிரீஸ் தடவ வேண்டிய ஒரே இடம் போல்ட்டின் தண்டு. அங்கே தாராளமாகத் தடவினால் அடுத்த முறை அறுக்க வேண்டி வராது.

பாடியின் போல்ட் துளைகளையும் பாருங்கள். துளை நீள்வட்டமாகியிருந்தாலோ சுற்றிலும் தகரம் துருவால் உதிர்ந்திருந்தாலோ, வெல்டிங் முடித்தபின்தான் புது ரப்பர்.

இனி, பெரும்பாலானோர் கோட்டைவிடும் இடம். சைலன்ட் பிளாக் பேரிங் போல உருளாது. உள் குழலைப் பாடி கவ்விக்கொள்ளும், வெளிப்பக்கத்தைக் கேஸிங் கவ்விக்கொள்ளும், நடுவில் ரப்பர்தான் முறுகிக்கொடுக்கிறது. எஞ்சின் தொங்கிக்கொண்டிருக்கும்போதே நட்டை முழுதாக இறுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கிய நிமிடத்திலிருந்து ரப்பர் ஒரே பக்கமாக முறுகியபடியே இருக்கும். அதன்மேல் பேச்சிப்பாறை ரோட்டுக் குழிகளும் சேர்ந்தால் பிளாக் உள்ளுக்குள் கிழியும். எனவே நட்டைக் கையால் மட்டும் ஏற்றி, ஷாக்கை மாட்டி, வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, சீட்டில் ஒருவரை உட்காரவைத்து நான்கைந்து முறை அமுக்கி விட்டு, அவர் உட்கார்ந்திருக்கும்போதே கடைசி இறுக்கு இறுக்குங்கள். நட் புதியதாக இருக்கட்டும்.

எஞ்சின் பழைய உயரத்துக்குத் திரும்பியிருக்கும் என்பதால் கேபிள்களின் தளர்ச்சியும் மாறியிருக்கும். நியூட்ரல் புள்ளி ஹேண்டிலில் சரியாக நிற்கும்படி இரண்டு கியர் கேபிள்களையும், பிறகு கிளட்ச், பிரேக்கையும் செட் பண்ணுங்கள். 200 கிலோமீட்டர் ஓடியபின், அதேபோல ஆள் உட்கார்ந்த நிலையில், பவுண்டேஷன் நட்டை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.