அப்பாவோட கால் ரத்தக்குழாயை ஸ்கேன்ல அளந்து பார்த்த அனுபவம்

அப்பாக்கு 68 வயசு, பிபி இருக்கு, நாப்பது வருஷம் சிகரெட் குடிச்சவங்க. போன வருஷம் ஆறு மாசமா நடந்தா வலது கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்குதுன்னு சொல்லிட்டே இருந்தாங்க, தெருமுனை டீக்கடைக்குப் போறதுக்குள்ள ரெண்டு இடத்துல நின்னு நின்னு போவாங்க, நின்னா கொஞ்ச நேரத்துல வலி விட்ரும், நடந்தா திரும்பப் பிடிக்கும். நாங்க நரம்பு வீக்குன்னு நினைச்சு தைலம், சத்து மாத்திரைன்னு ஓட்டிட்டோம். நம்ம பேச்சுல ரத்தக்குழாயையும் நரம்புன்னுதான சொல்றோம், ஊசி போடுறப்ப கூட நரம்பு கிடைக்கலைன்னுதான் சொல்லுவாங்க, அதனால ரத்த ஓட்டம்ங்கற நெனப்பே எங்க யாருக்கும் வரல.

அப்புறம் ஒரு டாக்டர் சீட்டுல "கால் டாப்ளர்"னு மட்டும் எழுதிக் கொடுத்தார், ரத்தக்குழாயில ரத்தம் எப்படி ஓடுதுன்னு பார்க்கற ஸ்கேன் அது. ஸ்கேன் சென்டர்ல பண்ணிட்டு ரத்தக்கட்டி இல்ல, எல்லாம் நார்மல்னு ரிப்போர்ட் கொடுத்துட்டாங்க, நாங்களும் நிம்மதியா இருந்துட்டோம். ரெண்டு மாசம் கழிச்சு வலது கால் கட்டைவிரல் நீலமா மாறினதும் பயந்து போய் ரத்தக்குழாய் சர்ஜன்கிட்ட ஓடினோம், அவர் ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு "இது வெயினுக்கு எடுத்தது, ஆர்ட்டரியை யாரும் பார்க்கவே இல்லையே"ன்னார். ஆர்ட்டரின்னா இதயத்துல இருந்து ரத்தத்தைக் கொண்டு போற குழாய், வெயின்னா இதயத்துக்குத் திருப்பிக் கொண்டு வர்ற குழாய். எனக்கு அழுகையே வந்துருச்சு. தயவுசெஞ்சு டாப்ளர்னு எழுதினா ஆர்ட்டீரியலா வீனஸான்னு அங்கயே கேட்டுடுங்க, ரெண்டும் வேற வேற டெஸ்ட்.

அவர் அப்பாவைப் படுக்க வெச்சு முழங்காலை லேசா மடக்கச் சொல்லி ரெண்டு கையாலயும் பின்பக்கம் அழுத்திப் பார்த்தார். "ஐயாவுக்கு இங்க துடிப்பு ரொம்பப் பலமா இருக்கு, இவ்வளவு இருக்கக் கூடாது"ன்னு சொல்லிட்டு என் விரலையும் வைக்கச் சொன்னார், கோலிகுண்டை விடப் பெருசா ஒண்ணு தோலுக்கு அடியில துடிச்சுது. கணுக்கால்லயும் கையிலயும் பிபி எடுத்து வகுத்துப் பார்த்ததுல இடது 1.05, வலது 0.72 வந்துச்சு. 0.9க்குக் கீழ போனா கால்ல ரத்த ஓட்டம் குறைவுன்னு அர்த்தமாம்.

மறுநாள் காலைல வெறும் வயித்துல ஆர்ட்டீரியல் டாப்ளர், முக்கால் மணி நேரம் ஆச்சு. தொடை இடுக்குல ஜெல் தடவி ஆரம்பிச்சாங்க, அங்க 9 மில்லிமீட்டர், நார்மல்னாங்க. அப்படியே தொடை வழியா இறங்கி, அப்பாவைக் குப்புறப் படுக்கச் சொல்லி முழங்காலுக்குப் பின்னாடி வெச்சதும் ஸ்கிரீன்ல பெருசா ஒரு வட்டம். சுத்தி சாம்பல் நிறம், நடுவுல கொஞ்ச இடத்துல மட்டும் சிவப்பும் நீலமும் ஓடுது. ஸ்கேன் பண்ண டாக்டரம்மா பொறுமையா விளக்கினாங்க, கலர் ஓடுற இடத்தை மட்டும் அளந்தா 9 மில்லிமீட்டர்தான் வரும், ஏமாந்துருவோம், சுத்தி இருக்கற சாம்பல் படிஞ்சு உறைஞ்ச ரத்தம், அதனால வெளிச்சுவர்ல இருந்து வெளிச்சுவர் வரைக்கும் குறுக்குவாட்டுல அளக்கணும்னு புள்ளி வெச்சாங்க. 23 மில்லிமீட்டர். அந்த இடத்துல சாதாரணமா 7, 8தான் இருக்குமாம். குழாய் பலூன் மாதிரி வீங்கி, உள்ள இருக்கற ரத்தக்கட்டில இருந்து துணுக்கு துணுக்கா உடைஞ்சு பாதத்துக்குப் போய் அடைச்சிருக்கு, விரல் நீலமானது அதனாலதான்.

ஸ்கேன் மெஷின்ல கேக்கற ரத்த ஓட்டச் சத்தத்துலயே வித்தியாசம் தெரிஞ்சுது. இடது கணுக்கால்ல சுளீர் சுளீர்னு கேட்டது, வலதுல ஊஷ் ஊஷ்னு காத்து இழுக்கற மாதிரி இருந்துச்சு.

இதோட விடல, பாதிப் பேருக்கு இந்த வீக்கம் ரெண்டு கால்லயும் இருக்கும், வயித்துப் பெரிய குழாய்லயும் இருக்க வாய்ப்பு இருக்குன்னு அதையும் பார்த்தாங்க. வெறும் வயித்துல வரச் சொன்னதே இதுக்குத்தான், கேஸ் இருந்தா படம் தெரியாது. வயித்துல 2.1 சென்டிமீட்டர், 3க்குக் கீழ இருந்தா பயமில்ல. இடது முழங்கால் பின்னாடி 12 மில்லிமீட்டர், லேசான வீக்கம், இப்போதைக்கு பார்த்துட்டு வரலாம்னாங்க.

முழங்கால் பின்னாடி 20 மில்லிமீட்டர் தாண்டினா பொதுவா ஆபரேஷன்தான், உள்ள ரத்தக்கட்டி வேற இருந்ததால தள்ளிப் போடாதீங்கன்னு சர்ஜன் சொல்லிட்டார். சிடி ஆஞ்சியோ, அதாவது மருந்து செலுத்தி ரத்தக்குழாயைப் படம் பிடிக்கற சிடி ஸ்கேன் எடுத்து, அப்பாவோட தொடை வெயினையே எடுத்து, வீங்கின இடத்தைச் சுத்தி ரத்தம் போக மாத்துவழி மாதிரி பைபாஸ் பண்ணாங்க. அந்த வெயின் பைபாஸுக்கு ஆகற அளவு இருக்கான்னும் முன்னாடியே இதே ஸ்கேன்லதான் அளந்து, தோல் மேல பேனாவால கோடு போட்டு வெச்சாங்க, குறைஞ்சது 3 மில்லிமீட்டராவது இருந்தா நல்லதாம், அப்பாக்கு 4 இருந்துச்சு.

இப்ப டீக்கடைக்கு நிக்காமப் போய்ட்டு வர்றாங்க, விரலும் தப்பிச்சுது. பைபாஸ் குழாய்க்கு ரெண்டு ஸ்கேன் முடிஞ்சுது, நல்லா ஓடுது. இடது கால் இன்னும் 12லயேதான் இருக்கு. தை மாசம் அடுத்த ஸ்கேன், அந்த டாக்டரம்மாகிட்டயே பார்க்கணும்னு சொல்லி டோக்கன் போட்டிருக்கேன், ஆள் மாறினா அளவுலயும் ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் மாறும், அப்புறம் நிஜமாவே பெருசாச்சா இல்லையான்னு தெரியாமப் போய்டும்.