67 சதவீதம்: நியூ ஜெர்சி எடிசன் நகர நாட்குறிப்பு

அக்டோபர் 28, 2024
அப்பாவின் காரியம் முடிந்து திருச்சியிலிருந்து நேற்றுதான் திரும்பினேன். மூன்று வார வகுப்புகள் போய்விட்டன. எடுத்த நான்கு பாடங்களில் இரண்டை விட்டுவிட்டேன். பாதியில் விட்ட பாடத்துக்கு 'டபிள்யூ' என்று குறி விழும், அதனால் ஜிபிஏ, அதாவது மதிப்பெண் சராசரி, குறையாது என்று கல்லூரியில் சொன்னார்கள். சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

ஜனவரி 9, 2025
நிதியுதவி அலுவலகத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதம். ஜிபிஏ 3.5 இருக்கும்போது எதற்கு? போய்க் கேட்டேன். எடுத்த கிரெடிட்டில், அதாவது பாட அலகுகளில், எத்தனை முடித்தோம் என்று தனியாக ஒரு கணக்கு இருக்கிறதாம். 67 சதவீதம் வேண்டும். பாடத்துக்கு மூன்று கிரெடிட் வீதம் நான் எடுத்தது 12, முடித்தது 6. டபிள்யூ எடுத்ததில் சேரும், முடித்ததில் சேராது.

அது என்ன 67 என்று ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். என் படிப்புக்கு 60 கிரெடிட். அதன் ஒன்றரை மடங்குக்குள், அதாவது 90 கிரெடிட்டுக்குள் முடிக்க வேண்டும் என்பது அமெரிக்க அரசின் விதி. 90-இல் 60 என்றால் மூன்றில் இரண்டு பங்கு. விதியில் எனக்குக் குறையில்லை. கையெழுத்து வாங்கும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். பாடத்தை விட நினைப்பவர்கள் முதலில் நிதியுதவி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

இந்த செமஸ்டர் மறுபடி 12 கிரெடிட். எல்லாம் தேறினால் 24-க்கு 18, தப்பித்தேன். ஒன்று போனாலும் 15, 62.5 சதவீதம்தான்.

மே 22
புள்ளியியலில் எஃப், தேறவில்லை. வசதி குறைந்த மாணவர்களுக்கு அமெரிக்க அரசு தரும் பெல் உதவித்தொகை நின்றுவிட்டது. கிரீன் கார்டு வந்த பிறகுதான் அதற்கே தகுதி வந்தது. மனதுக்குள் அப்பாவிடம்தான் முதலில் சொன்னேன்.

ஜூன் 3
அப்பீல் எழுதினேன். இரண்டு கேள்விகள். ஏன் தவறியது? இறப்புச் சான்றிதழை இணைத்தேன், பத்து நிமிடத்தில் முடிந்தது. இப்போது என்ன மாறியிருக்கிறது? இதற்கு மூன்று நாளாயிற்று. வருத்தத்தை எழுதி எழுதி அடித்தேன். அவர்கள் கேட்பது அதை இல்லை. கடைசியில் உள்ளதை எழுதினேன்: இரவு ஷிஃப்டை விட்டுவிட்டேன், அடுத்த செமஸ்டரில் 9 கிரெடிட் மட்டும், வாரம் இருமுறை கல்லூரியின் இலவச டியூஷன். கிரெடிட் குறைந்தால் பெல் தொகையும் குறையும். பரவாயில்லை.

ஜூன் 19
ஏற்றுக்கொண்டார்கள். ஒரு செமஸ்டருக்கு உதவி உண்டு. அதற்குள் அவர்கள் போட்டுக் கொடுத்த திட்டப்படி முடிக்க வேண்டும். டபிள்யூ கூடாது, எஃப் கூடாது. முதல் வேலையாகப் புள்ளியியலுக்குப் பதிவு செய்தேன். திங்கள், வியாழன், காலை வகுப்பு.