கொளத்தூரில் ஒரு மஞ்சள் கெளுத்தி

சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடை ஒன்றில் பளீரென்ற மஞ்சளில் ஒரு கெளுத்தி, தொட்டி மூலையில் பதுங்கியிருந்தது. பண்ணையில் வளர்த்ததில்லை, ஆற்றில் பிடித்தது. “கேரளா அயிட்டம்ணே, பேரெல்லாம் தெரியாது” என்றார் கடைத் தம்பி.

நாலு ஜோடி மீசை. அதை எண்ணிப் பயனில்லை, நம் ஏரிக் கெளுத்திக்கும் அதே நாலு ஜோடிதான். பார்க்க வேண்டியது கண்ணை. பெரிய கண், தலையில் ரொம்பவும் தாழ்ந்து இருக்கும். அடிப்பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெரியும். குதத்துடுப்பும் நீளம். இரண்டும் சேர்ந்தால் ஹோராபேக்ரஸ் என்ற பேரினம் என்று தைரியமாகச் சொல்லலாம்.

அப்புறம் எந்த இனம்? பக்கவாட்டுப் படம் மட்டும் எடுத்தால் இங்கேதான் ஏமாற்றும். தோளில் வட்டமாக ஒரு கரும்புள்ளி, பிடரி சுத்தம் என்றால் பிராக்கிசோமா. அந்தக் கருப்பு பிடரியைத் தாண்டி இரண்டு பக்கமும் காலர் மாதிரி சேர்ந்திருந்தால் நைக்ரிகோலாரிஸ். சாலக்குடி ஆற்று மீன், 1994-இல்தான் அறிவியல் பெயர் பெற்றது. மேலிருந்து எட்டிப் பார்த்தேன், பிடரியில் கருப்பே இல்லை. சரி, பிராக்கிசோமாதான்.

அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களுக்கான உலக அளவிலான சிவப்புப் பட்டியலில் உள்ள மீன் இது. அதைவிட, வாங்குபவரிடம் யாரும் சொல்லாத விஷயம் இதன் அளவு: 45 செ.மீ. வரை வளரும்! தம்பி அதே தொட்டியில் கப்பி என்ற குட்டி மீன்களையும் விட்டிருந்தார். இது ராத்திரியில் இரை தேடும் சாதி. சொன்னதும் வலையை எடுக்க ஓடினார்.