ஆறு பக்கம் ஒரு பக்கமான கதை: சுயேச்சை வேட்பாளராக 23 நாட்கள்

2022 ஜனவரி 26 அன்று மாலை தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலை அறிவித்தபோது, மனுத் தாக்கல் தொடங்க இடையில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது. ஜனவரி 28 முதல் பிப்ரவரி 4 வரை மனுத் தாக்கல், 5 அன்று பரிசீலனை, 7 அன்று திரும்பப் பெறக் கடைசி நாள், 19 அன்று வாக்குப்பதிவு, 22 அன்று எண்ணிக்கை. 2011க்குப் பிறகு நகர்ப்புறங்களில் நடக்கும் முதல் உள்ளாட்சித் தேர்தல் அது. 2016இல் பழைய மன்றங்களின் பதவிக்காலம் முடிந்ததிலிருந்து எங்கள் தெருவுக்குக் கவுன்சிலர் என்று யாரும் இருக்கவில்லை. ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து 70 வார்டுகளோடு தாம்பரம் மாநகராட்சி உருவாகி அப்போது மூன்று மாதங்கள்கூட நிறைவடையவில்லை. அதுவரை பேரூராட்சியாக இருந்த ஒரு பகுதியில், ஒரு நடுநிலைப் பள்ளிக்கு எதிரே ஜெராக்ஸ் மற்றும் எழுதுபொருள் கடை நடத்துகிறவள் நான். எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்ததால், குடியிருப்போர் நலச் சங்கத்தில் என் பெயரைச் சொன்னார்கள்.

நான் உடனே ஒப்புக்கொண்டதற்குக் காரணம் என் கடை. இருபது ஆண்டுகளாக இந்தப் பகுதியின் மனுக்கள் அனைத்தும் என் இயந்திரத்தின் கண்ணாடி மீது படுத்து எழுந்தவை. மழைநீர், தெருவிளக்கு, பட்டா, பள்ளிக் கழிப்பறை என்று எதற்கு யார் எத்தனை முறை எழுதினார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த மனுக்களில் பெரும்பாலானவை தவறான முகவரிக்குப் போனவை என்பது மட்டும் அப்போது எனக்குத் தெரியாது.

மனுத் தாக்கலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதன்முறை நிற்பவர்கள் அங்கேதான் தடுமாறுகிறார்கள். மாநகராட்சி வார்டுக்கு வைப்புத்தொகை 4,000 ரூபாய். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. வேட்பாளருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், முன்மொழிபவர் அதே வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். இவையெல்லாம் எளிதாகத் தோன்றின. ஆனால் நான் சட்டமன்றத் தேர்தலுக்கான வாக்காளர் பட்டியலிலிருந்து என் பாக எண்ணையும் வரிசை எண்ணையும் எடுத்து எழுதிக்கொண்டு போயிருந்தேன். உள்ளாட்சித் தேர்தலுக்கு வார்டு வாரியாகத் தனிப் பட்டியல் உண்டு என்பதும் அதில் எண்கள் மாறியிருக்கும் என்பதும், உதவித் தேர்தல் நடத்தும் அலுவலரின் மேசையில் இருந்தவர் பொறுமையாகச் சுட்டிக்காட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. ஊருக்கெல்லாம் படிவம் நிரப்பித் தருகிறவள் என் படிவத்தில் தவறு செய்தேன் என்பதைக் கடை வாடிக்கையாளர்கள் யாரிடமும் இன்றுவரை நான் சொன்னதில்லை.

சொத்து, கடன், வழக்கு விவரங்களைத் தெரிவிக்கும் உறுதிமொழிப் பத்திரம் அடுத்தது. கணவரின் சொத்து, நகையின் எடை, வங்கி இருப்பு, நகைக் கடன் அனைத்தையும் எழுத வேண்டும். எழுதியது அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்படும். என் மாமியாருக்கு அதுவரை தெரியாமலிருந்த ஒரு நகைக் கடன் இப்படித்தான் வெளியே வந்தது. சொத்து வரி, குடிநீர்க் கட்டண ரசீதுகளையும் கையோடு வைத்திருந்தேன், ஏனென்றால் உள்ளாட்சிக்குப் பாக்கி வைத்திருந்தால் தகுதிக்கே சிக்கல் வரலாம் என்று சங்கத்தில் ஒருவர் எச்சரித்திருந்தார். பிப்ரவரி 2 அன்று மனுவைப் பெற்றுக்கொண்டார்கள். கொரோனா மூன்றாம் அலையால் மூடிக் கிடந்த பள்ளிகள் அதற்கு முந்தைய நாள்தான் திறந்திருந்ததால், திரும்பி வந்தபோது கடை வாசலில் பிள்ளைகள் கூட்டம்.

அன்றிரவு என் வாக்குறுதிகளை எழுத உட்கார்ந்தேன். ஆறு பக்கங்கள் வந்தன. பள்ளிக்குப் புதிய வகுப்பறைகள், கூடுதல் ஆசிரியர்கள், வணிகர்களுக்கு வசதி, நடைபாதைக் கடைகளை ஒழுங்குபடுத்துதல், ஏரியைத் தூர்வாருதல், பாதாளச் சாக்கடை, பூங்கா. எழுதி முடித்ததும் பெருமையாகவே இருந்தது. மறுநாள் காலை, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் கடைக்கு வந்தபோது படிக்கக் கொடுத்தேன். அவர் முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டார். “எதிரில் இருக்கிற பள்ளியின் பெயர்ப் பலகையைப் படித்திருக்கிறாயா, அம்மா?” என்று கேட்டார். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி என்று எழுதியிருந்தது. ஊர் பேரூராட்சியாகி, பிறகு மாநகராட்சியின் பகுதியும் ஆகிவிட்டது. பள்ளி மட்டும் பழைய பெயரிலேயே இருந்தது. ஆசிரியர் நியமனம் பள்ளிக்கல்வித் துறையின் கையில் உள்ளது, சத்துணவு சமூக நலத் துறையைச் சேர்ந்தது, கூடுதல் ஆசிரியர் தருவேன் என்று ஒரு கவுன்சிலர் வேட்பாளர் சொன்னால் ஆசிரியர்களே சிரிப்பார்கள் என்றார்.

அப்படியானால் கவுன்சிலரால் பள்ளிக்கு எதுவுமே முடியாதா என்று கேட்டேன். முடிவது என்னவென்று அவரே வரிசையாகச் சொன்னார்: பள்ளி வாசலில் தேங்கும் நீரை வெளியேற்றுவது, கழிப்பறைக்குத் தண்ணீர் இணைப்பு, குப்பை அள்ளும் நேரத்தைப் பள்ளி தொடங்குவதற்கு முன் வைப்பது, தெருவிளக்கு, வேகத்தடை. சொத்து வரியோடு நாம் கட்டும் கல்வி வரி எங்கே போகிறது, அதிலிருந்து இந்தக் கட்டடத்தின் பழுதுக்கு ஏதாவது வருமா என்று மன்றக் கூட்டத்தில் கேட்பது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் சொல்லும் பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதிக்கும் இடம் உண்டு. அந்தக் கூட்டத்துக்குத் தவறாமல் போவது. ஒன்றரைப் பக்கமாக இருந்த என் கல்விப் பகுதி ஐந்து வரியாயிற்று. எனக்கு வருத்தம்தான். ஆனால் அந்த ஐந்து வரிகளில் ஒன்றைக்கூட யாராலும் ‘இது உன் வேலையில்லை’ என்று திருப்பி அனுப்ப முடியாது.

வணிகர்கள் பகுதியில் எனக்கு நேர்ந்தது இதைவிடச் சங்கடமானது. நானே கடைக்காரி என்பதால், கடைத்தெருவின் குறைகள் எனக்கு அத்துப்படி என்ற நினைப்பு இருந்தது. தொழில் உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க அலையும் நிலை மாற வேண்டும், மழைநீர் வடிகால்மேல் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்ற வேண்டும் என்று எழுதியிருந்தேன். என் கடைக்குப் பக்கத்தில் பூ விற்கும் அம்மாளிடம் அதைப் படித்துக் காட்டியபோது, அவர் பேசாமல் என் கடைப் படிகளைப் பார்த்தார். மூன்று படிகள், கீழ்ப்படி இரண்டும் வடிகால்மேல்தான் கட்டப்பட்டிருந்தன. “முதல்ல எதை இடிப்பீங்க, அக்கா?” என்றார். துண்டறிக்கை அச்சுக்குப் போவதற்கு முன் கொத்தனாரை அழைத்து அந்தப் படிகளை இடித்தேன். இன்றும் கடைக்குள் ஏற ஓர் இரும்புப் படிதான், இரவில் உள்ளே எடுத்து வைத்துவிடுகிறேன்.

நிலையான கடைக்காரர்கள் தெருவோரக் கடைகளை அப்புறப்படுத்தச் சொன்னார்கள், தெருவோர வியாபாரிகளோ இடம் கேட்டார்கள். இரு தரப்பிடமும் தலையாட்டுவதுதான் வேட்பாளர்களின் வழக்கம். தெருவோர வியாபாரிகளுக்கான 2014ஆம் ஆண்டுச் சட்டத்தை அப்போதுதான் படித்தேன். வியாபாரிகளைக் கணக்கெடுத்து அடையாளச் சான்று தர வேண்டும். நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஆகவே ‘அகற்றுவேன்’ என்பதையும் ‘இடம் தருவேன்’ என்பதையும் அடித்துவிட்டு, ‘எங்கள் வார்டில் கணக்கெடுப்பு முழுமையாக நடப்பதை உடனிருந்து உறுதி செய்வேன்’ என்று எழுதினேன். இதனால் இரு தரப்பிலும் சில வாக்குகளை இழந்தேன் என்று என் முன்மொழிபவர் இன்றும் சொல்கிறார். அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம்.

புறநகர் வளர்ச்சி என்று நான் எழுதிய இரண்டு பக்கங்களில் ஏரி வேறு துறையுடையதாகவும், பெரிய சாலை வேறு துறையுடையதாகவும், பெரிய மனைப்பிரிவுகளுக்கான அனுமதி சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துடையதாகவும் ஒவ்வொன்றாகக் கழன்றன. ஏரியிலிருந்து வழிந்து போகும் கால்வாய்களை மறித்து வீடுகள் எழும்பியதை நாங்கள் கண்ணெதிரே பார்த்திருக்கிறோம், 2015 டிசம்பர் வெள்ளத்தில் அதன் பலனையும் பார்த்தோம். 2016 செப்டம்பரில் அனுமதியற்ற மனைகளின் பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2017இல் அரசு, அந்த மனைகளுக்குக் கட்டணம் வாங்கி அனுமதி தரும் வரன்முறைப்படுத்தும் திட்டத்தைக் கொண்டுவந்தது. மனையை வரன்முறைப்படுத்தியவர்கள் வீட்டுக்குக் கடன் வாங்கிக்கொண்டார்கள், தெருவில் வடிகால் வந்துவிடவில்லை.

இதில் எனக்கென்று மிஞ்சியது பூங்கா. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் 10 விழுக்காட்டு நிலத்தைத் திறந்தவெளி ஒதுக்கீடாக உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். எங்கள் வார்டில் அப்படி ஒப்படைக்கப்பட்ட ஓர் இடம் சுற்றுச்சுவரும் இரும்புக் கதவும் பூட்டுமாக முள்செடி வளர்ந்து கிடந்தது. அந்தக் கதவைத் திறந்து, மாலையில் பிள்ளைகள் விளையாட விடுவது ஒரு கவுன்சிலரால் முதல் மாதத்திலேயே ஆகக்கூடிய காரியம். பிப்ரவரி 7 அன்று சின்னம் ஒதுக்கினார்கள். நான் கேட்டிருந்தவை கிடைக்காமல் எனக்குப் பூட்டு சாவி வந்தது. தெருவே சிரித்தது.

கடைசியில் துண்டறிக்கை ஒரு பக்கத்தில் அடங்கியது. அடியில் அச்சிட்டவர் பெயரும் வெளியிடுபவர் பெயரும் பிரதிகளின் எண்ணிக்கையும் இருக்க வேண்டும் என்பது விதி. ஊர்வலங்களுக்குத் தடை இருந்ததால் வீடு வீடாகத்தான் போனோம். பத்து நாட்கள், காலையும் மாலையும். பெரும்பாலோர் தாளை வாங்கிக்கொண்டு, கொசுவைப் பற்றியும் கழிவுநீர் லாரிக்குக் கொடுக்கும் பணத்தைப் பற்றியும் பேசினார்கள். ‘இவ்வளவுதானா?’ என்று கேட்டவர்களும் இருந்தார்கள். கட்சி வேட்பாளர் ஒருவரின் அறிக்கையில் பள்ளியை மேல்நிலைப் பள்ளியாக உயர்த்துவதே முதல் வரியாக இருந்தது.

எண்ணிக்கை நாளில் மூன்றாம் இடத்தில் வந்தேன், வைப்புத்தொகை போயிற்று. வென்றவர் எங்கள் தெருவுக்கு மூன்று தெரு தள்ளி இருப்பவர். அன்று மாலையே கடைக்கு வந்து சால்வையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு வேலை அத்தோடு முடியவில்லை. முடிவு வெளியான 30 நாட்களுக்குள் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்யாவிட்டால் மூன்றாண்டுகள் போட்டியிட முடியாது. எங்களுக்கு உச்சவரம்பு 85,000 ரூபாய், நான் செலவழித்தது அதில் பாதிக்கும் குறைவு. சிக்கல் என்னவென்றால், கூடுதலாகத் தேவைப்பட்ட பிரதிகளை என் கடையிலேயே எடுத்திருந்தேன். கணக்கைச் சரிபார்த்தவர், சொந்தக் கடையானாலும் சந்தை விலைக்குப் பட்டியல் வேண்டும் என்றார். ஆகவே என் கடையின் பெயரில் எனக்கே ரசீது எழுதி, நானே கையொப்பமிட்டு, அதையும் ஜெராக்ஸ் எடுத்து இணைத்தேன்.

அந்த ஆண்டு பள்ளி மேலாண்மைக் குழுக்களை மறுசீரமைத்தபோது, என் மகள் அந்தப் பள்ளியில் படித்ததால் பெற்றோர் உறுப்பினராக நானும் தேர்வானேன். 20 பேர் கொண்ட குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கு இரண்டு இடங்கள். அதில் ஒருவராக, என்னைத் தோற்கடித்த கவுன்சிலரே வந்து உட்கார்ந்தார். முதல் கூட்டத்தில் வாசலில் தேங்கும் நீரைப் பற்றி நான் பேசினேன். கூட்டம் முடிந்து கடைக்கு வந்தவர், “அக்கா, உங்க நோட்டீஸ் மிச்சம் இருக்கா?” என்று கேட்டார். ஒன்று மட்டும் இருந்தது. பத்துப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை, கணக்குக் காட்ட வேண்டிய காலம் முடிந்திருந்தது.