திரட்டியது யார்?

ஆய்வேடுகளைத் திருத்திக் கொடுப்பது என் வேலை. எந்தத் துறையாக இருந்தாலும் 'மேற்கொள்ளப்பட்டது', 'உட்படுத்தப்பட்டது', 'கண்டறியப்பட்டது' மூன்றும் பக்கத்துக்குப் பக்கம் வந்துவிடும். படிக்கச் சிரமம் என்பதைவிட, சொல்ல வேண்டிய விஷயத்தையே இவை விழுங்கிவிடுகின்றன என்பதுதான் என் கவலை.

அண்மையில் பார்த்த ஒரு வாக்கியம்: "மாணவர்களின் வாசிப்புப் பழக்கம் குறித்த தரவுகள் வினாநிரலின் வாயிலாகத் திரட்டப்பட்டுப் பகுப்பாய்வுக்கு உட்படுத்தப்பட்டுள்ளன என்பது குறிப்பிடத்தக்கது." இலக்கணப் பிழை ஏதும் இல்லை. சரி, திரட்டியது யார்? எழுதியவரிடமே கேட்டேன். வகுப்பாசிரியர்கள்தான் வினாநிரலைக் கொடுத்து, வகுப்பிலேயே நிரப்பி வாங்கினார்களாம். ஆசிரியர் பார்த்துக்கொண்டிருக்கும்போது 'நான் புத்தகத்தைத் தொடுவதே இல்லை' என்று எத்தனை பேர் எழுதுவார்கள்? அந்த ஆய்வை எவ்வளவு நம்பலாம் என்பதே இதில்தான் அடங்கியிருக்கிறது. "வகுப்பாசிரியர்கள் வினாநிரலைக் கொடுத்து வகுப்பிலேயே நிரப்பி வாங்கினார்கள். விடைகளை நான் வகைப்படுத்தினேன்" என்று மாற்றினோம். மாற்றியதும், ஆய்வின் வரம்பு பற்றி அவரே இரண்டு வரி சேர்த்தார். 'குறிப்பிடத்தக்கது' தானாக உதிர்ந்துபோனது.

அதற்காகச் செயப்பாட்டு வினையே கூடாது என்று சொல்லமாட்டேன். கரைசல் 80 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கப்பட்டது என்றால், சூடாக்கியவர் யார் என்பது யாருக்கும் தேவையில்லை.

அப்புறம், மேற்கோள் காட்டும் இடங்கள். 'கூறுகிறார்' திரும்பத் திரும்ப வருகிறதே என்று நடுவில் 'நிறுவுகிறார்' போடுகிறார்கள். நிறுவுகிறார் என்றால் சான்று காட்டி முடித்துவிட்டார் என்று பொருள். அவர் வெறுமனே கருதியிருந்தால், சொல்லாததை அவர் தலையில் ஏற்றுகிறோம்.

கலைச்சொல்லிலும் இதே ஆசை வருகிறது. முதல் இயலில் நுகர்வோர், அடுத்ததில் வாடிக்கையாளர், அதற்கடுத்து பயனர். படிப்பவர் மூன்று தனித்தனிக் குழுக்களைத் தேட ஆரம்பிப்பார். நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் 'கூறியது கூறல்' இருக்கிறதே என்று சிலர் கேட்பதுண்டு. அது கருத்தைத் திருப்பிச் சொல்வதைப் பற்றியது. ஒரே பொருளை ஒரே பெயரால் அழைப்பதை அல்ல. அதே பட்டியலில் 'மயங்க வைத்தல்', அதாவது பொருள் இதுவா அதுவா என்று படிப்பவரைக் குழம்ப வைப்பது, என்ற குற்றமும் உண்டு. ஆகவே திருத்தத் தொடங்கும் முன்பே முக்கியச் சொற்களை ஒரு தாளில் எழுதி, எது நிலைக்கும், எது போகும் என்று ஆய்வாளரோடு பேசி முடித்துவிடுகிறேன்.